"பார்த்துப் போ" என்று இனிமேல் சொல்ல மாட்டேன்



ஆடி வரப்போகிறது. போன வாரத்திலிருந்தே போன் வந்துகொண்டிருக்கிறது. "ஐயா, ஆடி 17, 18 ஓரி விழாவுக்கு வர்றோம், செம்மேட்டுல ரூம் கிடைக்குமா?" "சார், புது கார் எடுத்திருக்கேன், ஆட்டோமேட்டிக். முதல்ல கொல்லிமலைக்குத்தான் வரணும்னு இருக்கேன்." சந்தோஷம். எல்லாரும் வாங்க. ஆனால் வருவதற்கு முன்னால் இதைக் கடைசி வரை படித்துவிட்டு வாங்க. நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிஷம் உட்கார்ந்தீர்களே, இது அவ்வளவு ஆகாது.

போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்று நடந்ததை நான் இதுவரை எழுதவில்லை. உறவுக்காரர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தங்கச்சியும் மருமகனும் எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

தங்கச்சி, அவள் மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள், ஐந்து பேரும் காரில் வந்திருந்தார்கள். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஓரி சிலைக்கு முன்னால் படம் எடுத்து, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்பினார்கள். நான் வாசலில் நின்று சொன்னேன்: "பார்த்துப் போ மாப்ள." அவன் "சரிங்க மாமா" என்றான். அவ்வளவுதான். கையசைத்துவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

சோளக்காடு தாண்டி இறங்க ஆரம்பித்திருக்கிறார்கள். வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து எண் போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். இறங்கும்போது 70, 69, 68 என்று குறைந்துகொண்டே வரும். பேத்தி அந்த எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நாற்பதுக்குக் கீழே வந்தபோது ஏதோ கருகுகிற நாற்றம். முன்னால் போகிற வேனிலிருந்து வருகிறது என்று நினைத்து மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டிருக்கிறான். இன்னும் ஏழெட்டு வளைவு. பிரேக்கை மிதித்தால் கால் பஞ்சில் இறங்குகிற மாதிரி அடிவரை போயிருக்கிறது. வண்டி நிற்கவில்லை.

அவன் செய்த ஒரே நல்ல காரியம், அடுத்த வளைவு வரும் முன்பே இடதுபக்கம் ஒடித்து ஓடையில் இறக்கியது. முன்சக்கரம் ஓடைக்குள் விழுந்து, வண்டி பாறையில் உரசி நின்றது. தங்கச்சிக்கு இடது மணிக்கட்டு முறிவு. பேத்திக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

நம் சாலையை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பக்கம் மாறும். ஒரு துண்டுச் சாலையில் இடதுபக்கம் மலை இருந்தால், அடுத்த துண்டில் இடதுபக்கம் பள்ளம். அவனுக்குப் பிரேக் போன துண்டில் இடதுபக்கம் மலை. ஒரு வளைவு முன்னாலோ பின்னாலோ போயிருந்தால் நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த நேரம் கீழேயிருந்து காலி பிக்கப்பில் ஏறி வந்தவன் என் பழைய மாணவன். சக்கரத்துக்குக் கல் வைத்தவன் அவன். "டிஸ்க்குல தண்ணி ஊத்துங்க" என்று பாட்டிலோடு ஓடி வந்த யாரையோ தடுத்தவனும் அவனே. (பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் ஊற்றினால் வளையும், விரிசல் விடும்.) எனக்குப் போன் செய்தவன் எடுத்த எடுப்பில், "ஐயா, எல்லாரும் உசுரோட இருக்காங்க, அதை முதல்ல கேட்டுக்குங்க" என்றான். எட்டாம் வகுப்பில் தமிழ்க் கட்டுரையை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறியவன். அன்றைக்குச் சரியான வாக்கியத்தில் ஆரம்பித்தான்.

ஒரு மணி நேரம் கழித்து வண்டியை வெளியே எடுத்தபோது பிரேக் நன்றாகப் பிடித்தது. இதுதான் எல்லாரையும் குழப்பியது. "மாமா, இப்ப பிடிக்குதே! அப்ப ஏன் பிடிக்கல?" மெக்கானிக் பார்த்துவிட்டு எதுவும் உடையவில்லை, ஒழுகவில்லை என்றார். பிரேக் எண்ணெய் மட்டும் நாலு வருஷமாக மாற்றாதது. எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். வண்டி மேல் குற்றம் இல்லை. ஓட்டியவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தெரிந்தவன் நான். சொல்லாதவனும் நான்.

எனக்கு எப்படித் தெரியும்? 80களில் நான் இந்த மலைக்கு வேலைக்கு வந்தபோது, சனிக்கிழமை இறங்கி ஞாயிறு சாயங்காலமோ திங்கள் முதல் பஸ்ஸிலோ ஏறுவேன். என் இடம் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டியை ஒட்டிய சீட். குளிருக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும். வருஷக்கணக்கில் அந்தக் கால்களையும் கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தவன். அந்த டிரைவர்கள் மேலே ஒரு நிமிஷம் நிறுத்தி, கியரைப் போட்டு, அப்புறம்தான் இறக்குவார்கள். இறக்கம் ஆரம்பித்த பிறகு கியர் தேடுகிற பழக்கமே கிடையாது. "ஏறுன கியர்லதான் வாத்தியாரே எறங்கணும்" என்று ஒருத்தர் சொல்லுவார். பிரேக்கை அவர்கள் மிதிக்கிற விதமும் வேறு. அழுத்தி ஒரு மிதி, உடனே விடுவது. நம் ஆட்கள் செய்வது போல வளைவு முழுக்கக் காலைப் பிரேக்கின் மேல் ஊறப் போட்டு வைப்பதில்லை.

இதன் கணக்கு உங்களுக்கே போட வரும். போர்டில் எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர் உட்கார்ந்த கார், எடை 1,500 கிலோ என்று வையுங்கள். மலையுச்சிக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர். நிலை ஆற்றல் என்ன? நிறை பெருக்கல் புவிஈர்ப்பு முடுக்கம் பெருக்கல் உயரம். 1,500 × 9.8 × 1,000. ஒரு கோடியே 47 லட்சம் ஜூல். ஆற்றலை அழிக்க முடியாது, மாற்றத்தான் முடியும். அடிவாரத்தில் வண்டி நிற்கும்போது இவ்வளவும் எங்கேயோ வெப்பமாகப் போயிருக்க வேண்டும். எவ்வளவு வெப்பம்? 1 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 2 லட்சத்து 94 ஆயிரம் ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள். 50 வரும்.

50 லிட்டர் தண்ணீர்! கல்யாண வீட்டில் அண்டா வைத்து விறகு எரிக்கிறோமே, அந்த அளவு. ஒவ்வொரு காரும் கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது ஒரு அண்டா வெந்நீர் போடுகிற சூட்டை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய பிக்கப் என்றால், மொத்தம் 3 டன் வைத்தாலும் இரண்டு அண்டா.

அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வண்டியில் முக்கியமாக இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று பிரேக். நாலு சக்கரத்திலும் உள்ளங்கை அளவு பட்டைகள். இன்னொன்று இன்ஜின். குறைந்த கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜின் காற்றை இழுத்து அமுக்கி வெளியே தள்ளித் தள்ளித் திணறுகிறது. அந்த வேலையில் போகிற சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். இன்ஜின் சூட்டைத் தாங்குவதற்கென்றே செய்த பொருள், அதற்குத் தண்ணீரும் விசிறியும் உண்டு. பிரேக்குக்கு என்ன உண்டு? காற்று மட்டும்தான். கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் கிடையாது.

மாப்பிள்ளையின் பிரேக் ஏன் அடிவரை போனது, ஒரு மணி நேரத்தில் ஏன் திரும்பி வந்தது? எட்டாம் வகுப்பில் ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து உங்களுக்கு ஒரு சோதனை காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி நுனியை விரலால் அடைத்து அழுத்தினால் நகராது. காற்றை அடைத்து அழுத்தினால் உள்ளே போகும். பிரேக் குழாய்க்குள் இருப்பது திரவம். நாம் மிதிக்கிற விசை அப்படியே சக்கரத்துக்குப் போவது அதனால்தான். அந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுள்ளது. டாட் 4 என்று விற்கிற எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. வருஷக்கணக்கில் மாற்றாத எண்ணெய், நாற்பது வளைவு விடாமல் உரசிய டிஸ்க், அப்புறம் என்ன? கொதித்து ஆவி ஆகிவிட்டது. சிரிஞ்சுக்குள் காற்று வந்துவிட்டது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமானது, பிரேக் வந்துவிட்டது. இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. (அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று ஒருத்தர் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார். வைக்கட்டும். எண்ணெயையும் மாற்றட்டும்.)

இனி ஆட்டோமேட்டிக் விஷயம். விபத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"எந்த கியர்ல எறங்குன?"

"டி-ல மாமா. வண்டியே பார்த்துக்கும்ல?"

அதைச் சொன்ன முகத்தில் பொய் இல்லை. அப்படித்தான் நம்பியிருக்கிறான். அவனிடம் விற்றவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கோபம் வரவில்லை, பயம் வந்தது. இப்போது மேலே வருகிற கார்களில் எத்தனை பேர் அப்படி நம்பிக்கொண்டு வருகிறார்கள்?

நம் ஊரில் சின்ன கார்களில் அதிகம் இருப்பது ஏஎம்டி. 2014-இல்தான் இந்தியாவில் சின்ன கார்களுக்கு வந்தது. உள்ளே இருப்பது பழைய கியர்பாக்ஸ், பழைய கிளட்ச். கிளட்சை அமுக்குவது மட்டும் உங்கள் கால் இல்லை, ஒரு மோட்டார். அதற்கு முன்னால் வளைவு இருப்பது தெரியாது, கண் இல்லை. இறக்கத்தில் நீங்கள் ஆக்சிலரேட்டரை விட, வண்டி தானாக வேகம் எடுக்க, "ஓஹோ, சமதளத்தில் ஜாலியாகப் போகிறார்" என்று நினைத்து மூன்றாவது, நாலாவது என்று ஏற்றிவிடும். இன்ஜின் பிடிமானம் போய்விடும். மொத்தச் சுமையும் பிரேக் மேல். அந்த வண்டியில் எம் என்று ஒரு இடம் இருக்கும். அதில் தள்ளி இரண்டாவது கியரில் நிறுத்துங்கள், ரொம்பச் செங்குத்தான இடத்தில் ஒன்று. மற்ற வகைகளில் எல், எஸ், 2 என்று ஏதாவது எழுதியிருக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பிரித்துப் படியுங்கள். பிளாஸ்டிக் உறை கூடக் கிழிக்காமல் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

ஏறும்போதும் இதே கதைதான், இடம் மட்டும் வேறு. வளைவில் நெரிசல், நிற்க வேண்டும். பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். வழுக்கிப் பின்னால் போகாது, வசதியாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு கையையும் உரசிப் பாருங்கள், சூடு வருகிறதா? அதுதான். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்துக் காத்திருங்கள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், தற்செயலாக ஒரு போன் வந்தது. என் மாணவன் ஒருவன் எல்லைச் சாலைகள் அமைப்பில் இருக்கிறான். 1960-இல் தொடங்கிய அமைப்பு, இமயமலைச் சாலைகளைப் போடுவதும் பனியை அகற்றுவதும் அவர்கள் வேலை. இவன் ஸ்ரீநகரிலிருந்து லே போகிற சாலையில், சோஜிலா கணவாய்ப் பகுதியில் பனி தள்ளும் இயந்திரம் ஓட்டுகிறான். 11,500 அடிக்கு மேல். நம் மலையைப் போல மூன்று மடங்கு உயரம். விபத்தைக் கேள்விப்பட்டு விசாரித்தான். பேச்சு சூட்டுப் பக்கம் திரும்பியது.

"ஐயா, இங்கயும் எங்களுக்குச் சூடுதான் பெரிய தொல்லை" என்றான்.

"என்னடா சொல்ற? அங்க ஐஸ் மலைல்ல?"

"வெளியதாங்க ஐயா ஐஸ். கியர்பாக்ஸ் உள்ள கொதிக்கும்."

அவன் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். அந்த இயந்திரங்களில் கிளட்சுக்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெய், அவ்வளவுதான். பெரிய ஆட்டோமேட்டிக் கார்களிலும் இதே அமைப்பு உண்டு. பனிக்குவியலை இடித்துத் தள்ளும்போது இன்ஜின் பக்கத்து ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, சக்கரத்தின் பக்கம் உள்ளது கிட்டத்தட்ட நிற்கிறது. அந்த வித்தியாசம் முழுக்க எண்ணெயில் சூடாக இறங்குகிறது. இயந்திரம் நகர்வதோ ஆமை வேகம், ரேடியேட்டருக்குக் காற்று போதாது. சில நேரம் பனித்தூள் வந்து ரேடியேட்டர் முகத்தையே அடைத்துவிடும். வெளியே சுழியத்துக்குக் கீழே 15 டிகிரி இருந்தாலும், உள்ளே எண்ணெய் கருகும்.

"அப்ப என்ன பண்ணுவ?"

"முதல் கியர்லதான் தள்ளுவோம் ஐயா. அவசரப்பட்டு ரெண்டாவதுல தள்ளுனா சீக்கிரம் முள்ளு சிவப்புக்குப் போயிரும். ஒரே மூச்சுல தள்ளாம கொஞ்சம் கொஞ்சமா சீவுவோம். முள்ளு ஏறுனா நியூட்ரல்ல போட்டு இன்ஜினை ஓட விட்டு ஆற வைப்போம். ஆஃப் பண்ண மாட்டோம், ஆஃப் பண்ணா எண்ணெய் சுத்தாது."

கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு என்று தனியாக ஒரு வெப்பமானி அவன் கண் முன்னால் இருக்கிறது. எண்ணெய் 80, 95 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி, 120-ஐத் தொட்டால் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று சொன்னான். "புதுசா வர்ற பசங்க பனியைப் பாக்குறாங்க ஐயா, நான் முள்ளைப் பாக்குறேன்" என்றான். பெருமையாக இருந்தது. கொல்லிமலையில் அன்னாசித் தோட்டத்தில் வளர்ந்த பையன்.

நம் கார்களில் பெரும்பாலும் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் கியர் எண்ணெய்க்கும் முள் கிடையாது. இன்ஜின் சூட்டுக்கு மட்டும் விளக்கு உண்டு. சில வண்டிகளில் கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் சூடானால் திரையில் எச்சரிக்கை வரும், அது வந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். மற்றபடி உங்கள் மூக்குதான் முள். கருகல் வாடை வந்தால் அது உங்கள் வண்டிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், முன்னால் போகிறவன் மேல் போடாதீர்கள். வாடை வந்த பிறகு நிற்பதைவிட வருவதற்கு முன்பே நிற்பது நல்லது. 70 வளைவில் இரண்டு மூன்று இடத்தில், அகலமான இடம் பார்த்துப் பத்து நிமிஷம் நில்லுங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள், அது வேறு பதிவு.

இனி சில பேருக்குக் கசப்பாக இருக்கும்.

பிக்கப் ஓட்டும் என் மாணவர்களே, உங்களில் சிலர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறீர்கள். எனக்குத் தெரியும். எத்தனை நடைக்கு எவ்வளவு என்று வியாபாரி கணக்குப் போடுகிறார், கிழங்கு ஆலைக்குச் சீக்கிரம் போக வேண்டும், வண்டித் தவணை கட்ட வேண்டும். வலி புரியாமல் சொல்லவில்லை. ஆனால் அந்த மிச்சமே பொய். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்குகிறவர்களுக்கு, பிரேக்குக்குக் கிடைக்கிற துணை விசையும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்தே போய்விடும். பழைய வண்டி என்றால் ஒரு டம்ளர் டீசல் மிச்சமாகலாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரன் ஒரு டம்ளர் டீசலுக்காகச் செய்கிற காரியமா இது?

ஸ்கூட்டரில் வருகிற கல்லூரிப் பிள்ளைகள்: உங்கள் வண்டியில் பிடித்து வைக்க கியரே கிடையாது. மெதுவாக இறங்கும்போது இன்ஜின் உங்களுக்கு உதவாது. அதனால் உங்களுக்குத்தான் அதிகம் நிறுத்தல் வேண்டும்.

அப்புறம் வழிவிடுவது. மலைச்சாலை குறுகலாக இருக்கும் இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளிலேயே இருந்தது. பலர் இதை மரியாதை என்று நினைக்கிறார்கள். வளைவின் நடுவில் பாரத்தோடு ஒரு லாரியை நிறுத்தினால், அது மறுபடி நகர எவ்வளவு நேரம் கிளட்சை உரச வேண்டும் தெரியுமா? நீங்கள் மிச்சம் பிடித்த பத்து வினாடிக்கு இன்னொருவன் கிளட்ச் பிளேட்டால் விலை கொடுக்கிறான். விழா நாளில் இதுவே சங்கிலியாகி, பின்னால் நிற்கிற முப்பது வண்டியும் அந்தரத்தில் உரசிக்கொண்டு நிற்கின்றன.

இதையெல்லாம் சொன்னால், விடுதி நடத்துகிற மாணவன் ஒருவன் சங்கடப்பட்டான். "சார், நீங்க இப்படி எழுதுனா டூரிஸ்ட் பயந்துருவாங்க. சீசன்ல சம்பாதிச்சாத்தான் எங்களுக்கு." நியாயமான கவலை. மிளகு, காபி, பலா என்று மழையை நம்பியிருந்த ஊருக்கு இப்போது சுற்றுலாவும் ஒரு வருமானம். ஆனால் தம்பி, நீலகிரியைப் பார். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்குவதற்கு வெளி மாவட்ட வண்டிகளுக்குத் தடை வந்தது. 36 வளைவுள்ள சாலை அது. பிரேக் போய் விழுந்த வண்டிகளால் வந்த தடை. நம்முடையது 70. இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் உன் அறைகள் என்ன ஆகும்? நாலு விபத்து செய்தித்தாளில் வருவதைவிட, உன் வரவேற்பு மேசையில் ஒரு அட்டை வைப்பது மலிவு. அறைச் சாவியை வாங்கும்போது, "எந்த கியர்ல எறங்கப் போறீங்க?" என்று கேள். டீக்கடைக்காரர்களும் கேளுங்கள். பதில் தெரியாதவரை இன்னொரு டீ குடிக்கச் சொல்லி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். வியாபாரமும் ஆச்சு.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. மலை மேலே, 70-ஆவது வளைவுக்கு முன்னால் எல்லா வண்டியும் நிற்க ஓர் இடம் வேண்டும். அங்கே ஒரே ஒரு பலகை. "மெதுவாகச் செல்லவும்" என்று எழுதக் கூடாது. எல்லாருக்கும் தான் மெதுவாகப் போகிறோம் என்ற நினைப்புத்தான் இருக்கிறது, என் மாப்பிள்ளையும் 25-க்கு மேல் போகவில்லை. "இரண்டாவது கியர் போட்டாச்சா? ஆட்டோமேட்டிக் என்றால் டி-யை விட்டு மாற்றியாச்சா?" என்று கேள்வியாக எழுத வேண்டும். கேள்வி கேட்டால்தான் பிள்ளை பாடத்தைப் பார்க்கும், 35 வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

நாம் எல்லாரும் "பார்த்துப் போ" என்கிறோம். வாசலில் நின்று சொல்கிறோம், பஸ் ஸ்டாண்டில் சொல்கிறோம், போனில் சொல்கிறோம். அன்போடுதான் சொல்கிறோம். எதைப் பார்ப்பது? மாப்பிள்ளை பார்த்துத்தான் போனான். சாலையைப் பார்த்தான், வளைவைப் பார்த்தான், எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்தான். எதைப் பார்க்க வேண்டுமோ அது கண்ணில் படுகிற பொருளாக இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் வயிறு நிறைந்து நாற்காலியில் சாய்ந்திருந்தேன். "ரெண்டாவது கியர்ல போ மாப்ள." நாலே வார்த்தை. தங்கச்சியால் இப்போதும் இரண்டு கையால் சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. கேட்டால், "விடுங்கண்ணா, வலது கை இருக்குல்ல" என்கிறாள்.

இந்த வருஷமும் அவர்கள் வருகிறார்கள். பேத்திதான் அடம் பிடித்தாளாம், எண்கள் பாதியில் நின்றுபோய்விட்டன, ஒன்று வரை படிக்க வேண்டும் என்று. பிரேக் எண்ணெய் மாற்றிய ரசீதை மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான், நான் கேட்காமலே. ஆடி 18 மதியம் 3 மணியிலிருந்து மேலே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உங்களில் யார் இறங்கினாலும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எந்த கியர் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சரியாகச் சொல்கிறவர்களுக்குத் தோட்டத்து அன்னாசி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.